கோழியினும் கனத்த இறகு

குத்துச்சண்டை என்னும் சாஸ்திரத்தில் மனிதர்களை எடைவாரியாக வகுத்த மேல்நாட்டு மகான்கள், 118 ராத்தலுக்கு உட்பட்டவனைச் சாவகத் தீவின் பாண்டம் துறைமுகத்தால் பெயர்பெற்ற சிறு கோழியை முன்னிட்டு ‘பாண்டம்வெயிட்’ என்றும், 126 ராத்தலுக்கு உட்பட்டவனை இறகை முன்னிட்டு ‘ஃபெதர்வெயிட்’ என்றும் வழங்கியதனால், கோழியைக் காட்டிலும் இறகு எட்டு ராத்தல் கூடுதலாக நிறுக்கும் விபரீதம் நேர்ந்திருக்க, தேங்காய் வியாபாரத்தில் கொட்டை போட்ட அய்யம்பாளையத்தார் ஒருவரும் இதுகாறும் அதனை ஆட்சேபிக்கவில்லை என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயம்.

நேர்ப்பொருளில் இதற்குச் சமாதானம் உண்டு. குதிரைப் பந்தயத்தில் மிக லேசான பாரத்துக்கு வழங்கிய இறகுப் பெயர், குத்துச்சண்டைக்குக் குடிபெயர்ந்து கடைசி வகுப்பாக அமர்ந்திருந்தபோது, கோழியும் பின்னர் ஈயும் அதற்குக் கீழே வந்து ஒண்டிக்கொண்டன. 1909-ல் லண்டன் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் வகுப்புகளை எட்டாக ஒழுங்கு செய்தபோதும் பெயர்கள் அப்படியே நின்றன. நம் சென்னை வீரர் தேவராஜன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இறங்கியதும் கோழி வகுப்பில்தான். அங்கே அதன் வரம்பு 54 கிலோ, இறகுக்கு 57. 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற அவரைக் கோழி என்றழைக்கும் தைரியம் இக்கட்டுரையாளனுக்கு இல்லை.

இனி உருவகப் பொருள். ‘இறகு அற்பமானது, ஆகவே ஃபெதர்வெயிட் ஆசாமி அற்பன்’ என்பது பூர்வபட்சம். மருதாநதிப் பாசனத்தில் ஓங்கி வளர்ந்த நெட்டைத் தென்னைகளின் காய் வந்திறங்கும் மண்டியொன்றில் அரை நாழிகை நின்றவர் இதனை ஒப்பார். அங்கே மெத்தையிட்ட நாற்காலியில் மார்பை நிமிர்த்தி வீற்றிருக்கும் முதலாளி கோழி. அவர் நிழலில், காதில் பென்சில் செருகி, ஊதினால் பறந்துவிடும் தேகத்தோடு நிற்கும் கணக்குப்பிள்ளை இறகு. அவர் குனிந்து ஒரு காயை எடுத்துக் காதருகே குலுக்கி, முகத்தில் யாதொரு சலனமுமின்றிக் கழிவுக் குவியலில் போடுகிறார், மறுபடி குனிகிறார்.

“அண்ணே, இது நல்ல காய்ண்ணே. நான் மொதலாளிகிட்டயே பேசிக்கிறேன்” என்கிறார் தோப்புக்காரர்.

“பேசுங்க. அவரு எங்கிட்டத்தான் கேப்பாரு.”

முதலாளி கேட்கவே செய்தார். காய் கழிவிலேயே கிடந்தது.

ஆகவே எட்டு ராத்தல் என்று லண்டன்காரர் கணித்தது பெயரளவில் தற்செயலாயினும் தத்துவத்தில் பிழையன்று. மந்திரியைவிட உதவியாளரும், மாமியாரைவிட அவர் காதைக் கடிக்கும் நாத்தியும் கனப்பதை அறிந்தோர்க்கு வேறு பிரமாணம் வேண்டுவதில்லை. வித்தியாசம் ஒன்றுண்டு. குத்துச்சண்டைக்காரன் களத்துக்கு முன் தராசில் ஏறியாக வேண்டும். நம் இறகுகளோ தராசைத் தாமே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

எஞ்சிய ஈ வகுப்பு, தேங்காய் மண்டியைவிட வெல்ல மண்டிக்கே உரித்தாகலின், நெய்க்காரப்பட்டி ஆராய்ச்சியாளர்களுக்கு விட்டுவைக்கப்படுகிறது.