எங்கள் ஊருக்கு இரண்டு ‘ஹெச்’ தந்த துறைக்கு

பெறுநர்: தமிழ் வளர்ச்சித் துறை, சென்னை.

பொருள்: 2020-ல் கொடுத்துப் பறித்த ஆங்கில எழுத்துகள் தொடர்பாக.

ஐயா, அம்மா,

‘ஹெச்’ வருகிற சொல் எது, ‘இசட்’ வருகிற சொல் எது என்று ராப்பகலாக ஆங்கிலச் சொல் தேடும் ஸ்கிராபிள் பைத்தியங்கள் அம்பத்தூரிலும் உண்டு. அந்தக் கூட்டத்தின் சார்பில் எழுதுகிறேன். எங்களுக்கென்று அரசாணை போட்ட ஒரே துறை தங்களுடையதுதான்.

1018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற ஆணையைத்தான் சொல்கிறேன். ஏப்ரல் 1 என்று தேதி போட்டிருந்தீர்கள், சந்தேகப்படவில்லை. ஊரடங்கு நேரம், வேறு வேலையும் இல்லை. ஜூனில் பட்டியல் வெளியே வந்தது. அப்போதைய துறை அமைச்சர் க. பாண்டியராஜன் பக்கத்து ஆவடித் தொகுதிக்காரர். அக்கம்பக்கத்தார் கஷ்டம் அறிந்து செய்திருக்கிறார் என்று பூரித்துப் போனோம்.

ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளி உள்ள ஸ்கிராபிளின் விதிப்படி ஊர்ப் பெயர் செல்லாது. எங்கள் வீட்டு விதிப்படி செல்லும். பழைய எழுத்தில் அம்பத்தூருக்கு 12 புள்ளிதான். தாங்கள் இரண்டு ‘டி’க்கும் பின்னால் ஆளுக்கொரு ‘ஹெச்’ செருகி, ‘யு’வைக் கழற்றிவிட்டு, இரண்டு ‘ஓ’ மாட்டினீர்கள், 21 ஆகிவிட்டது. கோயம்புத்தூர் 16-லிருந்து 31. எழும்பூரைக் கேட்கவே வேண்டாம்: 9 புள்ளியில் கிடந்த ஊர், ‘ழ’வுக்காக ‘இசட்’டும் ‘ஹெச்’சும் வந்து ஒட்டிக்கொண்டதில் 25-க்குப் போய்விட்டது. எந்த ஐந்தாண்டுத் திட்டமும் இந்த வளர்ச்சியைக் காட்டியதில்லை.

நடைமுறையில்தான் சிக்கல். பெட்டியில் இருக்கும் நூறு கட்டைகளில் ‘ஹெச்’ இரண்டே இரண்டு. அம்பத்தூருக்கே இரண்டும் செலவாகிவிடும். அப்புறம் கோயம்புத்தூர்க்காரர்கள் வெற்றுக் கட்டை இரண்டும் தங்கள் கைக்கே வர வேண்டும் என்று மருதமலை முருகனைத்தான் வேண்டிக்கொள்ள வேண்டும்.

பூந்தமல்லி கதை அதைவிட மோசம். கண்டக்டர் பூந்தமல்லி என்றுதான் கூவுகிறார். ஏறுகிறவரும் பூந்தமல்லிக்குத்தான் டிக்கெட் கேட்கிறார். தாங்கள் ஏட்டைப் புரட்டிப் பூவிருந்தவல்லியைக் கண்டெடுத்தீர்கள். அதுவும் அந்த ஊர்ப் பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் தாங்கள் வைத்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் பார்த்தால் 16. பலகையில் ஒரு வரிசைக்கு 15 கட்டம். கடைசி ‘ஐ’ பலகையைத் தாண்டிப் பாயில் கிடக்கிறது. அதற்குப் புள்ளி உண்டா என்று வீட்டில் பெரிய சண்டை.

வேலூரில் ‘ஏ’ ஓசைக்கு இரண்டு ‘ஈ’ போட்டீர்கள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளை அதை வீலூர் என்று படிக்கிறது. சக்கரம் வேண்டுமென்றால் எங்களுக்கல்லவா தந்திருக்க வேண்டும்? ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள் செய்த டி.ஐ. கம்பெனி அம்பத்தூரில்தானே இருந்தது!

ஆவடிக்குத் தங்கள் உதவி தேவையில்லை. எழுத்துக்கு எழுத்து சொல் தேடும் விளையாட்டை அங்கே ஊரே ஆடி முடித்துவிட்டது. ‘ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா’ என்பதன் சுருக்கம்தான் ஆவடியாம். டீக்கடையில் தொடங்கி ட்யூஷன் சென்டர் வரை இதைச் சொல்லாத வாய் இல்லை. பாவம், ‘ஆஃப்’புக்கு மட்டும் இடமில்லை. 1955 ஜனவரியில் அங்கே காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டபோதே அந்த ஊர் ஆவடிதான். டாங்கி ஃபேக்டரி வந்தது 1960களில். வரப்போகும் டாங்கிக்காக முன்கூட்டியே சுருக்கப் பெயர் வைத்துக் காத்திருந்தார்கள் போலிருக்கிறது. இதை ஆவடியில் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள்.

ஜூன் 18-ம் தேதி ஆணையைத் திரும்பப் பெற்றுவிட்டீர்கள். நிபுணர்களின் கருத்தை உள்வாங்கி இரண்டு மூன்று நாளில் புதிய முறை வரும் என்றார் அமைச்சர். பிறகு தேர்தல் வந்தது, ஆட்சியும் மாறியது. அம்பத்தூர் ரயில் நிலையப் பலகையில் ஒரு ‘ஹெச்’கூட ஏறவில்லை.

ஸ்கிராபிளைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் வேலையிழந்த ஓர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். எந்த எழுத்து எவ்வளவு புழங்குகிறது என்று செய்தித்தாளை விரித்து வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துத்தான் புள்ளி வைத்தார். வெறும் விளையாட்டுக்கே அந்த மனிதர் அத்தனை மெனக்கெட்டார். தாங்கள் 1018 ஊர்களின் பெயரில் கைவைத்துவிட்டு, அதன் பிறகு நிபுணர்களைத் தேடினீர்கள். தமிழை வளர்க்கும் துறை ஆங்கிலத்தில் ‘ஹெச்’சை வளர்த்ததுதான் மிச்சம். ஆங்கிலம் எப்படியோ போகட்டும்; அதைப் பார்த்துக்கொள்ள ஆக்ஸ்ஃபோர்டில் ஆள் இருக்கிறது. கடைப் பலகைகளில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்ற விதி நம் மாநிலத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கடைத்தெருவில் ஒருமுறை நடந்து பார்த்தால், தேட வேண்டிய எழுத்துகள் எவை என்று தெரியும்.

மறுபடி பட்டியல் போடும் எண்ணம் இருந்தால் ஒரு வேண்டுகோள். எழுதுகிற அதிகாரியை ஒருநாள் பூந்தமல்லி பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். கண்டக்டர் ஒவ்வொரு ஸ்டாப்பையும் எப்படிக் கூவுகிறாரோ, அதைக் காதால் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
12 புள்ளியே போதும் என்றிருக்கும்
அம்பத்தூர்வாசி