எலி குடிச்ச டீத்தண்ணி

ஏலே பேராண்டி, இப்படித் திண்ணையில வந்து உக்காரு. கையில என்னலே அது? கப்புக்கு வெளிய நூல் தொங்குது, நூல் நுனியில காகிதம் ஆடுது. காதுக்கு லோலாக்கு போட்ட டீயை இப்பத்தான் பாக்கேன்.

கிரீன் டீயா? குடிச்சா முடி வளருமாக்கும். சரி சரி. தை மாசம் பொண்ணு பாக்கப் போறோம், அதுக்குள்ள நெத்தி சுருங்கணும். முடி மாசத்துக்கு 1 சென்டிமீட்டர்தான் வளரும்லே. நீ டீ குடிச்சாலும் அவ்வளவுதான், பதநீர் குடிச்சாலும் அவ்வளவுதான்.

என் தலையைப் பாத்துச் சிரிக்காதே. கிணத்தோட ஆழம் கரையில நின்னவனுக்கா தெரியும், முங்குனவனுக்குத்தான் தெரியும். கரிசலாங்கண்ணித் தைலம், சின்ன வெங்காயச் சாறு, ஒண்ணு விடல. நான் தேய்ச்ச தேய்ப்புக்கு உள்ளங்கையிலயாவது நாலு முடி முளைச்சிருக்கணும்.

உன் அக்கா டாக்டருக்குப் படிக்கால்லா, ராத்திரி அவளைப் பிடிச்சுக் கேட்டேன். 2005-ல அமெரிக்காவுல முடி கொட்டுன 60 எலியைப் பிடிச்சாங்களாம். பாதி எலிக்குத் தேயிலைச் சத்து கலந்த தண்ணி, ஆறு மாசத்துக்கு. குடிச்சதுல மூணுல ஒரு எலிக்கு முடி வந்துச்சாம். மத்த ரெண்டும் குடிச்சதுதான் மிச்சம். 2007-ல கொரியாக்காரங்க மனுசன் முடியை வேரோட எடுத்து, கண்ணாடித் தட்டுல வச்சு, பச்சைத் தேயிலையில இருக்க இ.ஜி.சி.ஜி.ங்கிற சத்தை அதுல விட்டாங்களாம். முடி நல்லா நீண்டுச்சாம்.

சந்தோசம். ஆனா சட்டியில முளைச்ச விதையைப் பாத்துட்டு எவனாவது நெல்லுக்கு விலை பேசுவானா? தட்டுல வேருக்கு நேரா ஊத்துனான். நீ வாயில ஊத்துதே. அது வயித்துல பாதி நின்னு, ஈரல்ல வடிஞ்சு, மிச்சம் மீதி உச்சந்தலைக்கு வரும்போது கடைமடைக்கு வந்த தாமிரபரணித் தண்ணி கணக்காத்தான் இருக்கும். மனுசன் குடிச்சு முடி முளைச்சான்னு அடிச்சுச் சொல்ல இன்னும் ஆதாரம் போதாதுன்னு உன் அக்காவே சொல்லிட்டா.

“என் சிநேகிதனுக்கு வளந்துச்சே”ங்கே. அவன் போன வருசம் டைபாய்டுல கிடந்தானா இல்லியா? பெருங்காய்ச்சலோ பிரசவமோ வந்துபோனா, ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கொத்துக் கொத்தாக் கொட்டும். அப்புறம் தன்னாலயே முளைக்கும். அவன் கொட்டும்போது டீயைத் தொடங்குனான், முளைக்கும்போது டீயைக் கும்பிட்டான். காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

உன் கதை வேற. உன் அப்பன் தலையைப் பாரு, என் தலையைப் பாரு. பட்டா மாத்தாமலே வந்து சேருத சொத்துலே இது. ஆம்பளை ஹார்மோன் ஒண்ணு வேரைச் சன்னஞ்சன்னமாச் சுருக்குது. அதுக்கு வைத்தியம் பாக்கணும்னா தோல் டாக்டர்கிட்ட போ. போறதுக்கு முன்னால சீப்பைப் பாத்து ஒப்பாரி வைக்காதே. நாளைக்கு 50-லேர்ந்து 100 முடி எல்லாருக்கும்தான் உதிரும்.

இன்னொண்ணு. சோத்தைத் தின்ன கையோட அந்த டீயைக் குடிக்கே பாத்தியா, அதுதான் கோளாறு. முருங்கைக்கீரை, கேப்பை, பயறுல இருக்க இரும்பை டீயில உள்ள துவர்ப்பு பிடிச்சு வச்சுக்கிடும், உடம்புல சேரவிடாது. இரும்பு குறைஞ்சாலும் முடி கொட்டும்லே! 2019-21 சர்க்கார் கணக்குல, நம்ம நாட்டுல 15-லேர்ந்து 49 வயசுப் பொம்பளைகள்ல நூத்துக்கு 57 பேருக்கு ரத்தசோகை. உன் அம்மாவும் உன்னைப் பாத்து நேத்துலேர்ந்து சாப்பிட்டு முடிச்சதும் லோலாக்கு டீ குடிக்கா. முடி வளக்கேன்னு முடியை விக்கித வேலை இது. சோத்துக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க.

அந்தத் தேயிலைச் சத்தையே சுருக்கி மாத்திரையா விக்கான், அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே. இ.ஜி.சி.ஜி. நாளைக்கு 800 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் போனா ஈரலுக்கு ஆகாதுன்னு ஐரோப்பாவுல உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லயே எச்சரிச்சிருக்காம். தலையில நாலு முடிக்கு ஈரலையா அடமானம் வைப்பே?

குடிக்க வேண்டாங்கல. குன்னூர் மலையில பறிச்ச இலை, நல்ல இலைதான். சீனி இல்லாமக் குடிச்சா உடம்புக்குக் கெடுதல் இல்ல. டீன்னு நினைச்சுக் குடி, உரம்னு நினைச்சுக் குடிக்காதே.

பொண்ணு பாக்குத கவலையை என்கிட்ட விடு. உன் ஆச்சியைப் பாக்கப் போனப்ப நான் என்ன செஞ்சேன்? முண்டாசைக் கட்டிட்டுப் போனேன், தாலி கட்டுன பெறகுதான் அவுத்தேன். அம்பத்தெட்டு வருசமாத் திட்டுதா. வெத்தலைக்கு, பீடிக்கு, கடனுக்குன்னு திட்டாத நாள் இல்ல. முடிக்குன்னு ஒரு நாளும் திட்டுனதில்ல.

சரி, ஆறிப்போச்சு பாரு. அந்த லோலாக்கைக் கழத்திட்டு இங்க குடு. கருப்பட்டி இருக்கான்னு ஆச்சிகிட்ட கேட்டுட்டு வா.