சினை ஆட்டுக்குப் பூச்சி மருந்து கொடுக்கலாமா?

நஞ்சன்கூடு வாசகி: என் வெள்ளாடு மூன்று மாதச் சினை. முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. பூச்சி மருந்து கொடுத்தால் குட்டி கலைந்துவிடும் என்று மாமியார் தடுக்கிறார். என்ன செய்வது?

மாமியாரின் பயத்தில் பாதி உண்மை. அல்பெண்டசோலைச் சினையின் முதல் ஒன்றரை மாதத்துக்குள் கொடுத்தால் கருவில் ஊனம் வரலாம். உங்கள் ஆடு அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. சினை ஆட்டுக்குக் கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது ஃபென்பெண்டசோல். மருந்துக்குப் பயந்து விட்டுவைக்கும் புழுதான் இப்போது தாய்க்கும் குட்டிக்கும் பெரிய ஆபத்து.

பன்னூர்ப் பக்கம் செம்மறி அதிகம். செம்மறிக்கான அளவையே வெள்ளாட்டுக்கும் ஊற்றிவிடாதீர்கள். வெள்ளாட்டின் உடல் மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும் என்பதால், பல மருந்துகளில் அதற்குக் கூடுதல் அளவு தேவைப்படும். குறைத்துக் கொடுத்தால் மருந்தைத் தாங்கும் புழுக்கள் பிழைத்துப் பெருகும். ஆட்டை எடை போட்டுச் சொல்லுங்கள். அளவை மருத்துவர் சொல்லட்டும்.

தி.நரசிபுரம் வாசகர்: மெலிவுக்குப் புழுதான் காரணமா, தீனிக் குறைவா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கீழ் இமையை இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல சிவப்பென்றால் நிம்மதி. வெளிறிய இளஞ்சிவப்பென்றால் மருந்து. வெள்ளை வெளேரென்று இருந்தால் அன்றே மருத்துவர். தென்னாப்பிரிக்காவில் ஆடு வளர்ப்போருக்காக இதை ஐந்து நிற அட்டையாகவே உருவாக்கினார்கள். ஃபமாச்சா என்று பெயர். ஹீமாங்கஸ் என்ற புழு ஆட்டின் நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு பெண் புழு ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தாடைக்கு அடியில் நீர் கோத்துப் பைபோலத் தொங்கினால், ரத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள். நடக்கும் களைப்பிலேயே விழுந்துவிடும்.

வெறும் கழிச்சலை வைத்து முடிவு கட்டாதீர்கள். இந்தப் புழு பல ஆடுகளில் கழிச்சலே காட்டாது. புதுப் புழுக்கையை ஒரு டப்பாவில் போட்டு, வெயில் படாமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் முட்டை எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். இமை சிவப்பு, புழுக்கையில் முட்டையும் குறைவு, ஆனாலும் முதுகெலும்பு விரலில் குத்துகிறதா? முதலில் தீனியைச் சரிசெய்யுங்கள்.

அதே வாசகர்: போன மாதம் மருந்து கொடுத்தேனே, ஈனும் சமயத்தில் மறுபடியும் ஏன் புழு?

ஈனுவதற்குச் சற்று முன்னும் பின்னும் தாயின் எதிர்ப்புச் சக்தி தளரும். உள்ளே அடங்கிக் கிடந்த புழுக்களும் முட்டையிடத் தொடங்கும். பிறந்த குட்டி மேயப் போகும் புல்லில் அந்த முட்டைகளில் பொரித்த புழுக்குஞ்சுகள்தான் காத்திருக்கும். அதனால் ஈனுவதற்கு முன் ஒருமுறை புழுக்கைப் பரிசோதனை கட்டாயம். மருந்து கொடுத்த இரண்டு வாரத்தில் இன்னொரு முறை பாருங்கள். முட்டை குறையவில்லையென்றால் அந்த மருந்து உங்கள் மந்தையில் வேலை செய்யவில்லை. காலைப் பனி காய்ந்தபின் ஓட்டுங்கள். ஈரப் புல்லில்தான் புழுக்குஞ்சுகள் மேலேறி நிற்கும்.

ஹுணசூர் வாசகர்: வேப்பிலையும் மஞ்சளும் போதாதா?

இமை வெளுத்த ஆட்டுக்குப் போதாது.

வருணா வாசகி: கால்வாயோரம் மேய்க்கிறோம். தனிக் கவனம் வேண்டுமா?

வேண்டும். தேங்கிய நீரில் இருக்கும் நத்தைகள் வழியாகக் கல்லீரல் தட்டைப்புழு வரும். சாதாரண அளவு ஃபென்பெண்டசோல் அதைக் கொல்லாது. எங்கே மேய்க்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மைசூரு வாசகர்: கடைசி மாதத்தில் ராகி நிறையக் கொடுத்து ஆட்டைத் தேற்றிவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். பழக்கமில்லாத ஆடு ஒரே நாளில் தானியத்தை நிறையத் தின்றால் வயிற்றில் அமிலம் ஏறிச் செத்தே போகும். அறுவடைக் களத்தில் கதிரைத் தின்ற ஆடுகள் இப்படித்தான் போகின்றன.

சினை மொத்தம் 150 நாள். குட்டி எடையில் பெரும்பகுதி கடைசி 50 நாளில்தான் கூடுகிறது. அதே நேரத்தில் கருப்பை பெருத்து இரைப்பையை நெருக்குவதால் ஆடு ஒரே வேளையில் நிறையத் தின்னவும் முடியாது. மூன்றாம் மாதம் முடியும்போதே தொடங்குங்கள். உடைத்த ராகி அல்லது சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு கலந்து நாளுக்கு 100 கிராம். இரண்டு வாரத்தில் மெல்ல 250 கிராம் வரை, இரண்டு வேளையாகப் பிரித்து. ராகித் தாள் வயிற்றை நிரப்பும்; புரதம் தராது. நம் பக்கம் இருக்கும் நல்ல புரதத் தீனி மல்பெரித் தழை. தோட்டத்திலிருந்தே வெட்டி வாருங்கள். பட்டுப்புழுப் படுக்கையில் மிஞ்சியதில் கிருமிநாசினித் தூள் இருக்கும். தோட்டத்துக்கு மருந்து அடித்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அகத்தி, கிளிரிசிடியாவும் நல்லவை. சூபாபுல் என்றால் பசுந்தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவேண்டாம்.

இரட்டைக் குட்டி சுமக்கும் மெலிந்த ஆடு கடைசி மாதத்தில் தீனியை ஒதுக்கி, தனியே நின்று, தள்ளாடினால் அது சினைக்கால நச்சு நோயாக இருக்கலாம். வெல்லக் கரைசல் கொடுத்து நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு எண் 1962, கட்டணமில்லை. ஆடு நிற்கும் நிலையில் இருக்கும்போதே அழையுங்கள்.