கப்பல் மாமா

உல்லாசக் கப்பலில் யாத்திரை செய்வோருள் இரு வகுப்பினர் உண்டு. கப்பலைத் துறையில் கட்டிய மறுகணமே நகரப் படமும் கையுமாக இறங்கியோடி, பொழுது சாய்வதற்குள் ஊர் முழுவதையும் விழுங்கிவிட முயலும் அவசரக்காரர் ஒரு வகுப்பு. அவ்வூரில் தமக்கொரு மருமகன் இருக்கிறான் என்ற ஒரே காரணத்தால் ஊரை ஏறெடுத்தும் பாராத சாவகாசர் மற்றொரு வகுப்பு. லண்டனில் உத்தியோகம் பார்த்து, ஓய்வூதியத்தின் பிரசாதமாகக் கப்பலேறி வரும் நம் கப்பல் மாமா இரண்டாம் வகுப்பின் திலகம்.

ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நீண்டு உள்நுழையும் ஒஸ்லோக் கடற்கழியின் சௌந்தரியத்தைக் காண மற்றவர்கள் விடியற்காலையிலேயே மேல்தளத்தில் நின்று குளிரில் நடுங்க, மாமா போர்வைக்குள் சுகமாக இருப்பார். ஆக்கர்ஷூஸ் கோட்டையின் அடிவாரத்தில், வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் காரோடு காத்து நிற்கும், ஒஸ்லோவை அடுத்த ஸ்ட்ரோம்மன்வாசியான மருமகனுக்கு இந்த இரகசியம் தெரியாது.

"மாமா, முதலில நகரமண்டபம் பாப்பம். வருஷா வருஷம் டிசம்பர் 10இல அங்கதான் நோபல் சமாதானப் பரிசு குடுக்கிறவை."

"இப்ப யூலை மாசமெல்லே, தம்பி?"

"அப்ப ஒபெரா மாளிகைக்குப் போவம். 2008இல திறந்தது. கூரைக்கு மேல நடந்து போகலாம்."

"கூரையில ஏறாதையுங்கோ எண்டு உங்களையெல்லாம் அதட்டி வளர்த்த நான், இந்த வயசில அதில ஏறுறதோ? வீட்டை விடு, தம்பி. கப்பல் சாப்பாட்டில நாக்குச் செத்துப்போச்சு."

ஸ்ட்ரோம்மனில் புட்டும் மீன்குழம்பும் ஆயத்தமாயிருக்கும். நோர்வேயின் கொட் மீன், யாழ்ப்பாணத்துக் குருநகர் விளைமீனுக்கு ஈடாகாது என்று தீர்ப்பு வழங்கியபடியே மாமா மறுபடியும் குழம்பை வார்த்துக்கொள்வார். இவ்வூர் வழியே ஓடுவது 1854இல் திறக்கப்பட்ட, நோர்வேயின் முதலாவது இரயில் பாதை என்று மருமகன் விநயமாகப் பிரஸ்தாபித்தால், "யாழ்தேவிக்குப் பிறகு ரயில் எண்டு சொல்ல உலகத்தில ஒண்டுமில்லை" என்று அந்த அத்தியாயத்தையும் முடித்துவைப்பார். 1985 முதல் இயங்கும் பெரிய அங்காடி வளாகத்துக்கு அழைத்துச் சென்றால், ஒவ்வொரு விலைச்சீட்டையும் குரோனரிலிருந்து பவுணுக்கு மாற்றி, பெருமூச்சுவிட்டு, வெறுங்கையோடு திரும்புவார். கப்பல் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டாலோ கடைகள் பூட்டியிருக்கும். அந்தப் பெருமூச்சும் மிச்சம்.

பின்பு சோபாவில் நித்திரை. கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலாப் பேருந்து தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், தன்பாட்டில் போன பிரயாணிக்காகக் காத்திராது என்ற விதியை அறிந்த மருமகன் கடிகாரமும் தானுமாய் அலைய, அறியாத மாமா குறட்டை விடுவார். கடைசி நிமிஷத்தில் கப்பலேற்றப்பட்டதும், "ஒஸ்லோ நல்ல அமைதியான ஊர்" என்று சக பிரயாணிகளிடம் மனப்பூர்வமாகச் சாட்சி சொல்வார்.

பரிதாபத்துக்குரியவன் மருமகனே. விருந்தாளி வந்தாலன்றி உள்ளூர்க்காரன் உள்ளூரைப் பார்ப்பதென்பது எத்தேசத்திலும் வழக்கமில்லையாதலால், அந்த ஒபெராக் கூரையில் ஏறுவதற்கு ஒரு சாக்குக் கிடைக்காதா என்று பல வருஷங்களாக ஏங்கிக்கொண்டிருந்தவன் அவன்தான். அடுத்த கோடையில் கனடாவிலிருந்து ஒரு சித்தப்பா கப்பலில் வருகிறாராம். அவருக்கும் புட்டென்றால் உயிர்.