பாசிக்கு ஆள் எடுப்பவர்

ஞாயிற்றுக்கிழமை காலை சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போனால் இவரைப் பார்த்துவிடலாம். மற்றவர்கள் நீந்துகிற மீனைப் பார்ப்பார்கள். இவர் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நிற்பதை மட்டும் பார்ப்பார். "இது பாசி திங்குமா?" என்பார். "சூப்பரா திங்கும் சார்" என்பார் கடைக்காரர். நேர்காணல் அத்தோடு முடிந்தது, நியமனம் ஆகிவிடும்.

வீட்டுக் கூடத்தில் மூன்றடித் தொட்டி. வாலிஸ்னேரியா, அனுபியாஸ் செடிகள், கொஞ்சம் நியான் டெட்ரா, ஒரு ஜோடி ஏஞ்சல் மீன். காலைக் காப்பிக்கு எரியத் தொடங்கும் விளக்கு இரவுச் செய்தி முடிந்துதான் அணையும். வருகிறவர்கள் பார்க்க வேண்டாமா? பாசி குறைய விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும் என்று யாராவது சொன்னால் முகம் சுண்டிப்போகும். விளக்கைக் குறைப்பது தோற்பது. ஆள் எடுப்பதுதான் நிர்வாகம்.

முதலில் சேர்ந்தது சக்கர் மீன். கடையில் விரல் நீளம் இருந்தது, ஓரடியைத் தாண்டியும் வளரும் என்று யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அது தின்ற பாசியைவிடப் போட்ட கழிவு அதிகம். நட்ட செடியெல்லாம் மிதந்தது. உடனே அதைக் கண்காணிக்க இன்னொரு ஆள்: சைனீஸ் ஆல்ஜி ஈட்டர். சின்ன வயதில் உழைக்கும். வளர்ந்ததும் பாசியை விட்டுவிட்டு ஏஞ்சலின் விலாவில் ஒட்டி, உடம்பின் வழவழப்பை உறிஞ்சத் தொடங்கிவிடும்.

அடுத்து இறால். தொட்டிக்குள் தோட்டம் போடுவதை ஒரு கலையாக்கிய ஜப்பானியர் தகாஷி அமானோ 1980களில் பிரபலமாக்கிய இறால் இன்றும் அவர் பெயரில்தான் விற்கிறது. அந்தப் பெயரைச் சொல்லும்போது நம்மவர் குரலில் பக்தி இருக்கும். விலையைக் கேட்டதும் செர்ரி இறாலுக்கு இறங்கிவிடுவார். செர்ரி இறாலை என்ன செய்ய வேண்டும் என்பது ஏஞ்சலுக்குத் தெரியும்.

ஓட்டோ என்கிற சின்னஞ்சிறு மீன் கூட்டமாக இருந்தால்தான் தைரியமாக மேயும். இவர் ஒன்றே ஒன்று வாங்குவார், சோதனைக்காக. சயாமீஸ் ஆல்ஜி ஈட்டர் மட்டும் உண்மையிலேயே கெட்டிக்காரன். மற்றவை சீந்தாத கறுந்தாடிப் பாசியையும் தின்னும். ஆனால் நாளைக்கு மூன்று வேளை தீவனம் விழுகிற வீட்டில் எவன் தாடியைத் தின்பான்?

நெரைட் நத்தை கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்துவிடும். கூடவே எங்கு பார்த்தாலும் எள்ளைத் தூவியதுபோல வெள்ளை முட்டை இட்டுவைக்கும். நல்ல தண்ணீரில் அவை பொரிக்காது, உதிரவும் உதிராது. பாசியைச் சுரண்ட நேரமில்லாத மனிதர், மாலை முழுக்கப் பழைய ஏடிஎம் கார்டை வைத்துக்கொண்டு முட்டையைச் சுரண்டுவார். நான் நத்தையின் கட்சி.

பிறகு நீலப்பச்சையாக ஒரு போர்வை படர்ந்தது. அது உண்மையில் பாசியே இல்லை, பாக்டீரியா. அதைத் தின்று தீர்க்கும் மீன் கிடையாது. "இதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டபோது, கடைக்காரரே முதல்முறையாக யோசித்தார்.

ஒரு முறை இவர் ஊருக்குப் போயிருந்த சமயம், கரண்ட் பில்லைப் பார்த்த வீட்டு அம்மாள் விளக்கைப் பாதி நாள் அணைத்தே வைத்தார். தீவனமும் பாதிதான். திரும்பி வந்து பார்த்தால் கண்ணாடியில் பாசி பாதிகூட இல்லை. "பாத்தியா, நத்தை இப்பத்தான் வேலையைக் கத்துக்கிச்சு" என்றார். அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளே விளக்கு பழைய நேரத்துக்குத் திரும்பிவிட்டது.

இவரைத் திருத்த முயல வேண்டாம், கொளத்தூரில் பல கடைகள் இவரை நம்பி இருக்கின்றன. ஒன்று மட்டும் செய்யுங்கள். தொட்டிக்குள் திரும்ப இடமில்லாத சக்கர் மீனை வாளியில் போட்டுக்கொண்டு இவர் ஏரிப்பக்கம் நடந்தால், கையைப் பிடித்து நிறுத்துங்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் நம் ஏரிகளில் ஏற்கெனவே குடும்பத்தோடு இருக்கிறது; அங்கே இனி ஆள் தேவையில்லை.