ஒரு பைசாவும் ஓசிக் கரண்டும்

எங்கள் பக்கத்தில் இப்போது அரசாங்கத்தை எதிர்த்துக் கோஷம் போட வேண்டுமானால் அதற்கு அரசாங்கத்திடமே மனுக் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் வருவீர்கள், மைக் செட் உண்டா, எத்தனை மணிக்குக் கலைவீர்கள் என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஸ்டேஷனில் நீட்டினால், மேலே இருப்பவர்கள் மனசு வைத்தால் ஒரு மணி நேரம் கிடைக்கும். சாமியானா, பேனர், வாடகை நாற்காலி. வெயில் ஏறுவதற்குள் முடித்து, போட்டோவை வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். போன ஆர்ப்பாட்டத்தில் காவலுக்கு வந்த ஏட்டு ஒருவர், "அண்ணா, இன்னும் பத்து நிமிஷந்தானுங்க இருக்கு" என்று தலைவர் காதில் சொன்னார். தலைவரும் "சரிங்க தம்பி" என்று கண்டன உரையைச் சுருக்கிக்கொண்டார். பிறகு இருவருமாகப் போய் டீ குடித்தார்கள்.

என் அப்பாரு பார்த்திருந்தால் ஏதோ சீர் வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து மொய் எழுத ஆளைத் தேடியிருப்பார்.

அவர் காலத்துப் போராட்டத்துக்கு மனு கிடையாது, மாடு உண்டு. மாடு பூட்டிக் கவலை ஓட்டி இறைத்துக்கொண்டிருந்த எங்கள் கிணறுகளுக்கு மோட்டார் வந்து சேர்ந்திருந்தது. மோட்டார் வந்தால் பில்லும் வரும். 1970-ல் கரண்டுக் கட்டணத்தை யூனிட்டுக்கு 10 பைசாவாக ஏற்றினார்கள். அதில் ஒரு பைசாவைக் குறைக்கச் சொல்லித்தான் விவசாயிகள் தலைவர் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடுவும் மற்றவர்களும் கிளம்பினார்கள். அந்த ஜூனில் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டது. மூன்று விவசாயிகள் செத்தார்கள். அதற்குப் பிறகு அரசாங்கம் ஒரு பைசாவைக் குறைத்தது. குறைப்பதாயிருந்தால் முதல் நாளே குறைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஆட்சியில் இருப்பவர்களுக்கு அந்த யோசனை எப்போதும் பிணங்கள் விழுந்த பிறகுதான் வருகிறது.

எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் ஒருநாள் அப்பாருவை நிறுத்தி, "ஒரு பைசாவுக்கா இத்தனை ரகளை?" என்று கேட்டார். "பைசா கெடக்குதுங்க வாத்தியாரே. கேக்காம கொள்ளாம ஏத்துனாங்கல்ல, அதுக்குத்தானுங்க" என்றார் அப்பாரு.

1972-ல் மறுபடி ஏற்றினார்கள். இந்த முறை விவசாயிகள் கோயமுத்தூருக்கே வண்டி கட்டினார்கள். அன்னூர், கோவில்பாளையம், சரவணம்பட்டி, கணபதி என்று சத்தி ரோடு நெடுக வண்டி. சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாவற்றிலுமிருந்து ஆயிரக்கணக்கில் வண்டிகள் நகரத்துக்குள் போய், ரோட்டை அடைத்து நின்றன. எங்கள் வண்டியை ஓட்டிப்போனவர் எங்கள் பண்ணையத்தில் ஆளாக இருந்த சுப்பன். அங்கே நடந்ததை அவர் சொல்லித்தான் ஊரே கேட்டது. வண்டியைக் குறுக்கே நிறுத்தி, பூட்டாங்கயிற்றை அவிழ்த்து, காளைகளை ஒதுக்குப்புறமாக ஓட்டிப் போய்விட்டார்களாம். போதாததற்குக் கடையாணியைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டார்களாம். கடையாணி இல்லாத வண்டியை நகர்த்தினால் சக்கரம் தனியாகப் போய்விடும். இது தெரியாத நாலு கான்ஸ்டபிள்கள் நுகத்தடியைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். வைக்கோல் பூராவும் வண்டியின் பின்பக்கம் கிடந்தது. வண்டி பின்பாரமாகி நுகத்தடி மேலே போக, ஒரு கான்ஸ்டபிள் அதோடு சேர்ந்து அந்தரத்தில் தொங்கினாராம். "எறக்கி உட்டது நாங்கதானுங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் சுப்பன்.

ஆனால் அந்த வருஷம் சிரிப்போடு முடியவில்லை. ஜூலை 5-ல் பந்த். சேலம் பக்கம் பெத்தநாயக்கன்பாளையத்திலும் வேறு இடங்களிலும் துப்பாக்கிச் சூடு. அந்த நாளைத்தான் இன்றைக்கும் விவசாயச் சங்கங்கள் உழவர் தினம் என்று கும்பிடுகின்றன. பின்னாளில் நாயுடுவுக்கு வையம்பாளையத்தில் அரசாங்கச் செலவிலேயே மணிமண்டபம் வந்தது. தோட்டா வாங்கிய கஜானாவில்தான் கிரானைட்டும் வாங்கினார்கள்.

சுப்பன் கதையில் இன்னொரு பாதி உண்டு. அதை அவர் சிரிக்காமல் சொல்வார். கோயமுத்தூரில் ராத்திரி வண்டியடியில் படுத்துக் காவல் காத்தது அவரைப் போன்ற ஆட்கள். அப்பாரு கணபதியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் படுத்தார். ஊர் திரும்பிய கொஞ்ச நாளில், "ஏனுங்க சாமி, எங்களுக்கும் கூலி கொஞ்சம் சேத்திக் குடுக்கக் கூடாதுங்களா" என்று சுப்பன் கேட்டிருக்கிறார். அப்பாருவுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "வண்டியோட போயிட்டு வந்தவனுக்கு வாயும் நீண்டுபோச்சு" என்று ஒரு வாரம் புலம்பினார். கூலி நெல் கூட்டிக் கேட்ட தகராறில் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்து நாலு வருஷம்கூட ஆகாத காலம் அது. தஞ்சாவூர்ச் சேதி எங்கள் ஊருக்கும் வந்துதான் இருந்தது. யூனிட்டுக்கு ஒரு பைசா நியாயம், ஆளுக்கு நாலணா அநியாயம் என்பதில் அப்பாருவுக்குக் கடைசிவரை சந்தேகமே வரவில்லை.

பிறகு கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. 1984-ல் எம்.ஜி.ஆர். சிறு விவசாயிகளுக்குக் கரண்டை இலவசமாக்கினார். அதற்கடுத்து வந்த கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமானது. 2003-ல் ஜெயலலிதா ஆட்சி மறுபடி கட்டணம் போட்டபோது யாரும் வண்டி பூட்டவில்லை. பூட்ட வண்டியும் இல்லை. 2004 மக்களவைத் தேர்தலில் 39-ல் ஒரு தொகுதிகூட ஆளுங்கட்சிக்குத் தேறவில்லை. ரிசல்ட் வந்த கையோடு கட்டணமும் போய்விட்டது.

ஒரு பைசாவுக்குச் செத்தவர்களின் பேரன்கள் இப்போது ஓசிக் கரண்டை எப்படி வாங்குகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இலவச இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கலாம். பொறுமை இல்லாதவர்களுக்குத் தட்கல் வந்தது. 5 எச்.பி. மோட்டாருக்கு 2.50 லட்சம் ரூபாய் கட்டினால் இலவச மின்சாரம் என்றார்கள். இதைச் சொல்லி முடித்ததும் சிரிக்காமல் இருக்க மின்வாரியத்தில் பயிற்சி கொடுப்பார்கள்போல. பணத்தைக் கட்டிக் கம்பம் வந்து சேர்ந்தால், கீழே தண்ணீர் இல்லை. கவலை ஓட்டிய கிணறுகளில் பாதி இன்று குப்பைக்குழி, போர் ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டது.

கரண்டுக்கு மட்டும் பஞ்சமில்லை, அது தலைக்கு மேலேயே போகிறது. சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து கரூர் பக்கம் புகளூர் வரைக்கும் உயர்மின் கோபுரம் நட்டார்கள். நம் காட்டில் நட நம்மைக் கேட்கத் தேவையில்லையாம், 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம் அப்படிச் சொன்னதாம். வெள்ளைக்காரன் தந்தி அடிக்கப் போட்ட சட்டம். தந்தி போய்விட்டது, சட்டம் அப்போதும் இருந்தது. 2018 டிசம்பரில் கொங்கு மாவட்டங்களில் இதை எதிர்த்துக் காத்திருப்புப் போராட்டம் நடத்தினார்கள். ஈரோடு பக்கம் உயர்மின் கம்பிக்கு அடியில் விவசாயிகள் வெறுங்கையில் டியூப் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வயரும் இல்லை, சுவிட்சும் இல்லை, லைட் எரிந்தது. அப்பாரு கேட்ட ஒரு பைசாகூட மிச்சம். ஆனாலும் கோபுரங்கள் எழும்பிவிட்டன. யாரும் யாரையும் சுடவில்லை, யாரும் எதையும் குறைக்கவும் இல்லை.

வன்முறை இல்லாமல் போனது நல்லதுதான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. போலீஸ் தொங்கிய கதையை ரசித்த நானே பெருமாநல்லூரில் செத்தவர்களின் வீட்டுப் பெண்களின் கதையைக் கேட்டால் ரசிக்க மாட்டேன். ஆனால் முன்பு ரோட்டை அடைத்தால் கோட்டைக்குக் காய்ச்சல் வரும். இப்போது அடைத்தால் காரில் இருப்பவனுக்குத்தான் கோபம் வருகிறது. சரவணம்பட்டியில் ஒருநாள் தண்ணீர் கேட்டுக் காலிக் குடங்களோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் மச்சான் ஏசி காருக்குள் இருந்து ஆரனை விடாமல் அடித்தார். "இவங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லீங்களா மாப்பிள்ளை?" என்றார். அவருடைய அய்யன் 1972-ல் எங்கள் வண்டிக்குப் பின்னால் தன் வண்டியை நிறுத்தியவர்.

ஆகவே, சத்தி ரோட்டிலோ அவிநாசி ரோட்டிலோ மறியலில் மாட்டிக்கொண்டால் தயவுசெய்து ஆரன் அடிக்காதீர்கள். இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போய், என்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் ஒரு பைசா விஷயமாகத்தான் இருக்கும்.