எலிக்கு முளைச்சிருச்சாம்!

ஏண்டா பேராண்டி, கல்யாணத்துக்குள்ள முடி வளக்கணும்னு சென்னைக்குப் போயி மண்டையில ஊசி போட்டுக்கப் போறியாமே? லட்சத்துக்கு மேல ஆகுமாம், உங்கப்பன் புலம்பிட்டுப் போறான். "முடி நடுறதெல்லாம் பழசு, இது இப்பத்தான் சோதனையில இருக்கற வைத்தியம்"னு சொன்னியாம். நல்லது. உக்காரு. அந்தத் தொப்பியக் கழட்டு, கொஞ்சம் காத்தாவது படட்டும்.

நடவு மேல எனக்கும் ஒண்ணும் பிரியம் இல்ல. பின்மண்டையில இருக்கற நாத்தப் பறிச்சு முன்னால ஊனுறதுதானே அது? நாத்து எவ்வளவோ அவ்வளவுதான் நடவு. புதுசா ஒத்த முடி உண்டாகாது. அதுலயும் ஆபத்து உண்டு. 2016-ல சென்னையில, டாக்டருக்குக் கடைசி வருஷம் படிச்ச பிள்ளையே நட்டுக்கப் போயி ரெண்டே நாள்ல செத்துப்போச்சு. நட்ட இடம் சலூனுக்கு லைசென்ஸ் வாங்கின இடம்னு அப்புறந்தான் வெளிய வந்துச்சு.

சரி, உன் புது வைத்தியத்துக்கு வருவோம். இங்கிலாந்துல ஷெஃபீல்டு யுனிவர்சிட்டிக்காரங்களும் பாகிஸ்தான்காரங்களும் சேர்ந்து ஒரு தினுசு சர்க்கரையக் களிம்பாக்கித் தடவுனாங்க, முடி நல்லா வளந்துச்சுன்னு 2024-ல சொன்னாங்க. யாருக்கு வளந்துச்சு? எலிக்கு! எலி வீட்ல பொண்ணு பாக்கப் போறாங்களாடா? அமெரிக்காவுல பிபி405-ன்னு ஒரு மருந்து, தூங்குற முடிவேரத் தட்டி எழுப்புதாம். 2025-ல மனுஷனுக்கே தடவிப் பாத்துட்டாங்க. அதிகமாக் கொட்டுன ஆம்பளைங்கள்ல நூத்துக்கு 31 பேருக்கு, எட்டாவது வாரத்துல முடி அடர்த்தி 20 சதவீதத்துக்கு மேல கூடிருக்கு. சந்தோஷம். மிச்சம் 69 பேரு என்னடா ஆனான்? நீ எந்தக் கூட்டத்துல நிப்பேன்னு சாமிக்குத்தான் வெளிச்சம்.

இப்ப ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. சோதனையிலயே இருக்கற மருந்த உனக்கு மட்டும் எப்படி ஒருத்தன் ரசீது போட்டு விக்கிறான்? நெசமான மருந்து சோதனையா இருந்தா, அதுல பதிவு இருக்கும், நெறிமுறைக் குழு இருக்கும், உன் கையெழுத்து இருக்கும். மருந்துக்கு உங்கிட்ட காசு கேக்க மாட்டான். சோதனையால உடம்புக்கு ஏதாச்சும் ஆனா வைத்தியமும் நஷ்டஈடும் அவன் பொறுப்பு. 2019-ல சர்க்காரு போட்ட விதியே இருக்கு. உங்கிட்ட முன்பணம் கேட்டானா? அப்ப அது சோதனை இல்லடா, யாவாரம். சோதனை உன் பர்சுக்குத்தான். ஸ்டெம் செல்லுன்னு பேரு சொன்னான்னா இன்னும் உஷாரா இரு. அதச் சோதனைக்கு வெளிய முடிக்காகப் போடக்கூடாதுன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே (ஐசிஎம்ஆர்) எழுதி வெச்சிருக்கு.

அப்புறம் பிஆர்பின்னு ஒண்ணு. உன் ரத்தத்தையே உருவி, மிஷின்ல சுத்தி, மேல நிக்கிற மஞ்சத்தண்ணிய உன் மண்டையிலயே குத்துறது. சில பேருக்குக் கொஞ்சம் அடர்த்தி கூடுது, இல்லைங்கல. ஆனா உன் சரக்க உனக்கே விக்கிறானே, அந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு கும்பிடு போடணும்.

ஓசி வைத்தியம்னு ஓடுறவனும் புத்திசாலி இல்ல. 2025 மார்ச்சுல பஞ்சாப் சங்ரூர்ல, வழுக்கைக்கு எண்ணெய் தடவுறாங்கன்னு கூட்டமாப் போனானுவ. அறுபது பேருக்கு மேல கண்ணு எரிஞ்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினானுவ. உங்க ஆத்தா சொல்ற வெங்காயமாவது தேவலாம். நம்ம செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்த இடிச்சுத் தேய்க்கச் சொல்றாளே, அந்த வெங்காயச் சாறை 2002-ல பாக்தாத் டாக்டருங்களே தேச்சுப் பாத்துப் பலன் இருக்குன்னு எழுதினாங்க. ஆனா அது வட்ட வட்டமாக் கொட்டுற புழுவெட்டுக்கு. உனக்கு வந்துருக்கறது பரம்பரை வழுக்கை, என் சொத்து. அதுக்கு வெங்காயம் தேச்சா பஸ்ல பக்கத்து சீட்டுதான் காலியாகும்.

தேறுன மருந்து ரெண்டு இருக்கு. மினாக்சிடில்: ரத்தக்கொதிப்புக்குன்னு குடுத்தாங்க, கண்ட இடத்துல முடி மொளைச்சதப் பாத்துத் தலைக்குத் திருப்பி விட்டாங்க, அமெரிக்காவுல 1988-லயே தலைக்கு அனுமதி குடுத்தாச்சு. நிறுத்தினா முளைச்சது கொட்டிரும், ஆரம்பத்துல கொஞ்சம் அதிகமாவே கொட்டும், அதப் பாத்து அழுவாத. இன்னொண்ணு ஃபினாஸ்டரைடு. அத நானே முழுங்கிட்டு இருக்கேன், அஞ்சு மில்லிகிராம், ஒண்ணுக்கு அடைப்புக்கு! தலைக்குன்னா ஒரு மில்லிகிராம். என் மண்டையப் பாக்காத, அங்க வேரே போயி எத்தனையோ காலமாச்சு. உனக்கு வேரு இருக்கு. ஒண்ணு மட்டும், அந்த மாத்திரையால கொஞ்ச பேருக்கு ஆம்பள விசயத்துல ஆசை மட்டுப்படும். தை மாசம் கல்யாணத்த வெச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட வெக்கப்படாமக் கேட்டுட்டுத்தான் போடணும்.

டாக்டருக்குச் சென்னை எதுக்கு? 2022-ல நம்ம அரியலூர்லயே பெரிய ஆஸ்பத்திரியோட காலேஜ் திறந்தாச்சு. காலையில போயி சீட்டு எழுது, தோல் டாக்டரப் பாரு. இந்த மண்ணுல டைனோசர் முட்டை கூடக் கிடைச்சுது, செந்துறைப் பக்கம். அதுக்கெல்லாம் எங்கடா முடி இருந்துச்சு?

ஆமா, பொண்ணோட அப்பன் தலையப் பாத்தியா நீ? பாக்கல. அதான் பயப்படுற. போனவாரம் டீக்கடையில நான் பாத்தேன், தலை உச்சியில ட்யூப் லைட்டே தெரிஞ்சுது. பேசாம அந்த ஆளு பக்கத்துல போயி ஒட்டி உக்காரு. நீதான் மன்மதன்.